பீராக் பன்: அடி ஈரமாகுது, வாய் பிரியுது, உள்ளே வெற்றிடம் விழுது. எதை மாத்தணும்?

கோதுமைக்காடு (கேள்வி)

வணக்கம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துல ஹேஸ் ஊர்ப் பக்கத்து வோல்கா ஜெர்மன் குடும்பங்கள்ல (ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையில இருந்து வந்த ஜெர்மானியர் வம்சம்) செய்யிற பீராக் பன் பற்றிக் கேட்கணும். ஈஸ்ட் மாவுக்குள்ளே மாட்டுக் கொத்துக்கறி, முட்டைக்கோஸ், வெங்காயம் வெச்சு மூடி ஓவன்ல சுடுறது. கையில இருக்கிற குடும்பச் செய்முறை அட்டையில "ரொட்டி மாவு, கறி இரண்டு பவுண்டு, நடுத்தரக் கோஸ் ஒண்ணு, வெங்காயம், உப்பு, நிறைய மிளகு, 375 டிகிரியில் சிவக்கும் வரை" என்பதோட சரி. ஏற்கெனவே செய்யத் தெரிஞ்சவங்களுக்காக எழுதின அட்டை.

சிக்கல் மூணு. பன்னோட அடிப்பாகம் பிசுபிசுன்னு இருக்கு, மேலே நல்லா சிவந்த பிறகும். ரெண்டாவது, சில பன்னுக்கு வாய் பிரிஞ்சு சாறு ட்ரேல ஒழுகிக் கருகிடுது. மூணாவது, வெட்டிப் பார்த்தா மேல் மாவுக்கும் பூரணத்துக்கும் நடுவுல விரல் நுழையிற அளவு வெற்றிடம்.

கோஸைத் தனியா வதக்கணுமா, பச்சையாவே சேர்க்கணுமா? மாவுக்குச் சரியான அளவு என்ன? பக்கத்து நெப்ராஸ்கா மாநிலத்துல நீள்சதுரமா செய்யிறாங்களே, அதுக்கும் இதே மாவுதானா? தெரிஞ்சவங்க விவரமா சொன்னா உதவியா இருக்கும்.

---

சால்ட்கிரீக்

மூணு சிக்கலுக்கும் வேர் பெரும்பாலும் ஒண்ணுதான்: பூரணத்துல மிச்சமிருக்கிற தண்ணி. கோஸ் எடையில 92 சதவீதம் தண்ணிதான். அதை அடுப்புலயே வெளியேத்தலைன்னா, ஓவன்ல பன்னுக்குள்ளே வெளியேறும். கீழே இறங்கினா அடி ஊறும். ஆவியா மேலே போனா மாவைத் தூக்கி வெற்றிடம் விழும். ஒட்டின இடம் பலவீனமா இருந்தா அதைப் பிரிச்சுக்கிட்டு ஒழுகும்.

12 பன்னுக்கு அளவு சொல்றேன். உங்க அட்டையில இருக்கிறது கிட்டத்தட்ட இதுக்கு ரெண்டு மடங்கு.

மாட்டுக் கொத்துக்கறி 500 கிராம் (கொழுப்பு 15 முதல் 20 சதவீதம்), தண்டு நீக்கின கோஸ் 600 கிராம், வெங்காயம் 250 கிராம், உப்பு 10 கிராம், ஒன்றிரண்டாகப் பொடிச்ச மிளகு 2 டீஸ்பூன். பூண்டு 2 பல் விருப்பம் இருந்தா.

அகலமான வாணலியை நல்லா காய வெச்சு எண்ணெய் இல்லாம கறியைப் போடுங்க. கட்டியில்லாம உதிர்த்துக்கிட்டே இருக்கணும். முதல்ல தண்ணி விடும், அது வத்தி, கொழுப்பு மட்டும் மிஞ்சி, கறி அடியில சிவக்க ஆரம்பிக்கிற வரைக்கும் விடுங்க. நிறைய பேர் கறி சாம்பல் நிறமானதும் இறக்கிடுறாங்க. அப்போ அது வெந்திருக்கும், ஆனா தண்ணியும் போயிருக்காது, வாசனையும் வந்திருக்காது. இந்தப் பன்னுல மசாலா கிடையாது. ருசி முழுக்க சிவந்த கறிலயும் வெங்காயத்துலயும் மிளகுலயும்தான் இருக்கு. அதனால இந்த இடத்துல அவசரப்படக் கூடாது.

கறியை வடிதட்டுல எடுத்துட்டு, வாணலியில ஒரு டேபிள்ஸ்பூன் கொழுப்பை மட்டும் வெச்சுக்கிட்டு வெங்காயத்தை வதக்குங்க. பொன்னிறம் வேண்டாம், கண்ணாடிப் பதம் போதும். பிறகு கோஸ், பாதி உப்பு. மூடி போட்டு 5 நிமிஷம், மூடியை எடுத்து தீயைக் கூட்டி 10 நிமிஷம். கரண்டியால வாணலி அடியில ஒரு கோடு இழுங்க. ரெண்டு பக்கத்துல இருந்தும் தண்ணி ஓடி வந்து கோட்டை நிரப்பினா இன்னும் ஆகலை. கோடு காய்ஞ்சு நின்னா இறக்கலாம். அதே சமயம் கோஸ் குழையவும் கூடாது. ரொம்ப நேரம் வெந்தா கந்தக வாடை வரும், பன்னுக்குள்ளே மூடி வெச்சதும் அந்த வாடை இன்னும் தூக்கும்.

கறியைத் திரும்பச் சேர்த்து, மீதி உப்பும் மிளகும் போட்டுக் கலந்து, எல்லாத்தையும் வடிதட்டுல கால் மணி நேரம் வையுங்க. அப்புறம் எடை போடுங்க. பச்சையா 1350 கிராம் போட்டது 950-க்குக் கீழே வந்திருக்கணும். 1100 இருந்தா தண்ணி இன்னும் உள்ளேதான் இருக்கு. கண்ணால பார்த்து ஏமாறலாம், தராசு ஏமாத்தாது.

பரந்த தட்டுல பரப்பி முழுசா ஆற விட்டுத்தான் மாவுல வைக்கணும். சூடா வெச்சா மாவுல இருக்கிற வெண்ணெய் இளகும், அந்த இடத்துல மட்டும் ஈஸ்ட் வேகமா உப்பும், ஆவி உடனே கிளம்பும். ஆறின பூரணத்துல கொழுப்பு உறைஞ்சு கறியோட ஒட்டியிருக்கும், விளிம்புல பூசாது.

---

மாவுத்தூசி

சால்ட்கிரீக் பூரணத்தைச் சொல்லிட்டாங்க. ஆனா "அடி பிசுபிசுப்பு" எல்லாமே ஈரம் கிடையாது. ஒரு பன்னை மேலிருந்து கீழாக நேர்குத்தா வெட்டிப் பாருங்க. பூரணத்தைத் தொடுற மாவு மட்டும் சாம்பலா, ஈரமா இருந்தா பூரணத்தின் குற்றம். அடியில ஓரங்களைக் கூட்டி ஒட்டின இடத்துல வெள்ளையா ஒரு மாவு முடிச்சு வேகாம நின்னா, அது வட்டம் தேய்ச்ச விதத்தின் குற்றம். ரெண்டுக்கும் மருந்து வேற.

வட்டத்தை ஒரே கனமா தேய்ச்சு, ஓரங்களை நடுவில கூட்டினா, அடியில நாலஞ்சு அடுக்கு மாவு சேரும். மேல்பக்கம் ஒரே அடுக்கு. மேலே சிவந்துடும், அடி முடிச்சு வேகாது. நடு 5 மில்லிமீட்டர், ஓரம் 2 முதல் 3 மில்லிமீட்டர் இருக்கிற மாதிரி, கட்டையை நடுவுக்குக் கொண்டு போகாம ஓரத்தை மட்டும் சுத்திச் சுத்தித் தேய்க்கணும். மூடின பிறகு மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே கனம் வரும்.

12 பன்னுக்கு மாவு: கோதுமை ரொட்டி மாவு 500 கிராம் (புரதம் 11.5 முதல் 12.5 சதவீதம்), இளம் சூட்டுல பால் 250 மி.லி., முட்டை 1, மென்மையான வெண்ணெய் 60 கிராம், சர்க்கரை 50 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். மொத்தம் 930 கிராம் வரும், ஒவ்வொண்ணும் 77 கிராம். பூரணமும் அதே அளவு, 75 கிராம். மாவும் பூரணமும் சரிபாதி இருக்கிறதுதான் இந்தப் பன்னுக்கு அழகு. 100 கிராம் பூரணம் திணிச்சா வாய் பிரியாம இருக்கிறது அதிர்ஷ்டம்தான்.

கான்சஸ் கடின குளிர்காலக் கோதுமைக்குப் பேர் போன மாநிலம், அந்த மாவு இதுக்கு நல்லா பொருந்தும். கேக் மாவு, புரதம் குறைஞ்ச மாவு வேண்டாம். ஆவி அழுத்தும்போது கிழியும்.

வெண்ணெய் தவிர எல்லாத்தையும் கலந்து 4 நிமிஷம் பிசைஞ்சு, பிறகு வெண்ணெயைச் சேர்த்து இன்னும் 7, 8 நிமிஷம். கடைசியில மாவு காதுமடல் பதத்துக்கு இருக்கணும், கையில ஒட்டணும் ஆனா கையோட வரக் கூடாது. ஒட்டுதேன்னு மேல்மாவு கொட்டிக்கிட்டே போனா பன் வறண்டு, மறுநாள் கல்லாகும். ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரத்துல ரெட்டிப்பாகும்.

பிரிச்சு உருட்டி, துணி போட்டு மூடி 10 நிமிஷம் ஓய்வு கொடுங்க. இதை விட்டுட்டுத் தேய்க்கப் போனா மாவு சுருங்கிக்கிட்டே வரும், 15 சென்டிமீட்டர் வட்டம் கிடைக்கவே கிடைக்காது.

ஒட்டுறதுக்கு வருவோம். பூரணத்தை நடுவில வெச்சு லேசா அழுத்தி மேடாக்குங்க. ஓரத்துல 2 சென்டிமீட்டர் சுத்தமா இருக்கணும். ஒரே ஒரு கோஸ் துண்டோ, கொழுப்புத் துளியோ அந்த ஓரத்துல பட்டா அந்த இடம் ஒட்டவே ஒட்டாது. தண்ணி தடவினாலும் பயன் இல்லை. பூரணம் எடுக்கிற கையையும் மாவு கிள்ளுற கையையும் தனித்தனியா வெச்சுக்குங்க. பலகையில மேல்மாவு அதிகமா இருந்தாலும் ஓரம் வறண்டு ஒட்டாது. எதிர் எதிர் ஓரங்களை முதல்ல சேர்த்து, நாலு மூலை ஆனதும் இடையில இருக்கிறதைச் சேர்த்து, உள்ளே இருக்கிற காத்தை உள்ளங்கையால அமுக்கி வெளியேத்தி, பிறகுதான் கடைசிக் கிள்ளல். அந்தக் காத்துதான் உங்க வெற்றிடத்துல பாதி.

வாய்ப்பக்கம் கீழே இருக்கிற மாதிரி ட்ரேல வெச்சு 20 முதல் 30 நிமிஷம் மட்டும் உப்ப விடுங்க. விரலால அழுத்தினா குழி மெதுவா திரும்பி எழணும். குழி அப்படியே நின்னா நேரம் கடந்துடுச்சு. அளவுக்கு மீறி உப்பின பன்னுல மேல் மாவு பூரணத்தை விட்டு எழும்பி நிக்கும், சுட்டதும் அப்படியே குகையாகிடும்.

ஓவன் 190 டிகிரி செல்சியஸ், உங்க அட்டையில இருக்கிற 375 பாரன்ஹீட்டும் அதுதான். கீழ்த்தட்டுக்கு மேலே இருக்கிற தட்டுல, கனமான அடர்நிற உலோக ட்ரே. கண்ணாடிப் பாத்திரமும் ரெட்டை அடுக்கு ட்ரேயும் அடியைச் சுட விடாது. 20 முதல் 22 நிமிஷம், மாவின் உள்சூடு 90 டிகிரி செல்சியஸ். எடுத்ததும் மேலே வெண்ணெய் தடவி, உடனே கம்பித் தட்டுக்கு மாத்துங்க. சூடான ட்ரேலயே விட்டா, பன்னிலிருந்து இறங்குற ஆவி அடியில தண்ணியா நிக்கும். நல்லா வெந்த பன்னும் இப்படித்தான் கெடுது.

---

புல்வெளி68

செய்முறை இரண்டு பேரும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பச்சைக் கோஸ், வடிவம் பற்றிய கேள்விகளுக்கு என் பதில்.

பச்சைக் கோஸ் சேர்க்கும் வழக்கம் உண்டு, அதைத் தவறு என்று தள்ள வேண்டாம். சிவந்த சூடான கறியோடு பொடியாக நறுக்கிய கோஸைப் போட்டு, வதங்கத் தொடங்கியதும் இறக்கிவிடுவார்கள். கோஸ் கடிபட நிற்கும், இனிப்பும் குறையாது. அப்படிச் செய்வதென்றால் முன்னதாக 600 கிராம் கோஸில் 9 கிராம் உப்பைப் பிசறி அரை மணி நேரம் வைத்து, கைப்பிடி கைப்பிடியாக இறுகப் பிழிய வேண்டும். 100 மி.லி.க்குக் குறையாமல் நீர் வரும். பிழிந்த பிறகும் கோஸில் உப்பு தங்கியிருக்கும்; ருசி பார்க்காமல் மேற்கொண்டு உப்புப் போடாதீர்கள். முதல்முறை அளவு பழகும்வரை வதக்கும் முறையே பத்திரமானது என்பதில் சால்ட்கிரீக்கோடு உடன்படுகிறேன்.

புளித்த கோஸ் கலக்கும் குடும்பங்களும் உண்டு. மொத்தக் கோஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், கழுவிப் பிழிந்து சேர்த்தால் நன்றாக இருக்கும்.

இந்தப் பன் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் எளிமையும் புரியும். ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1763-இல் வெளியிட்ட அழைப்பை ஏற்று ஜெர்மானியக் குடியானவர்கள் சராதோவ் பகுதியில் வோல்கா ஆற்றங்கரையில் குடியேறினார்கள். பூரணம் வைத்த சிறு ரொட்டியான ரஷ்யப் பிரோஷ்கியின் உறவான இந்தப் பன் அங்கே அவர்கள் சமையலுக்குள் வந்தது. ராணுவச் சேவையிலிருந்து அவர்களுக்கு இருந்த விலக்கு 1874-இல் பறிபோன பிறகு பெருமளவில் அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். 1876-இல் கான்சஸின் எல்லிஸ் கவுண்டியில் கேத்தரின், ஹெர்சாக், மன்ஜர் போன்ற ஊர்கள் எழுந்தன. நெப்ராஸ்காவில் லிங்கன் நகரத்தின் நார்த் பாட்டம்ஸ், சவுத் பாட்டம்ஸ் குடியிருப்புகள். மேற்கே ஸ்காட்ஸ்பிளஃப் பக்கமும் கொலராடோவிலும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல்கள். வயலுக்குத் தட்டும் கரண்டியும் இல்லாமல் எடுத்துப் போகலாம், ஆறினாலும் சாப்பிடலாம். உள்ளே இருப்பது நிலவறையில் குளிர்காலம் தாங்கும் கோஸும் வெங்காயமும். அதனால்தான் உப்பும் மிளகும் தவிர வேறு வாசனைப் பொருள் பெரும்பாலும் இருப்பதில்லை. நம் கை மசாலா டப்பாவுக்குத்தான் போகும். ஆனால் சீரகமும் மல்லியும் விழுந்த கணமே அது வேறொரு பன். நன்றாக இருக்கலாம், பீராக் ஆகாது. காரம் போதவில்லை என்றால் மிளகைக் கூட்டுங்கள், அட்டையில் "நிறைய" என்று எழுதியிருப்பது சும்மா இல்லை.

வடிவம்: கான்சஸில் உருண்டையோ சதுரமோ, நெப்ராஸ்காவில் நீள்சதுரம். அந்த நீள்சதுரத்துக்கு ரன்ஸா என்ற பெயர் பரவியதற்குக் காரணம் 1949-இல் லிங்கனில் சாலி எவரெட்டும் அவர் சகோதரர் அலெக்ஸ் பிரெனிங்கும் தொடங்கிய கடை. அது இன்று பதிவு செய்த வணிகப் பெயர். கொலராடோ பக்கம் க்ராட்பர்கர் என்பார்கள். பாலாடைக்கட்டி வைப்பது பிற்காலத்துச் சேர்க்கை. வைப்பதானால் பூரணத்துக்கு அடியில் அல்ல, பூரணத்தின் மேல், ஓரத்தைத் தொடாமல்.

நீள்சதுரத்துக்கும் மாவுத்தூசி சொன்ன அதே மாவுதான். ஒவ்வொரு 77 கிராம் உருண்டையையும் 12-க்கு 18 சென்டிமீட்டராகத் தேய்த்து, பூரணத்தை நீளவாக்கில் வைத்து, நீண்ட பக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக 2 சென்டிமீட்டர் ஏற்றி ஒட்டி, பிறகு இரு முனைகளையும் மெலிதாக அழுத்தி உள்ளே மடக்குங்கள். முனைகளில்தான் மாவு தடிக்கும், அங்கேதான் வேகாமலும் நிற்கும். ஒரே தகடாகத் தேய்த்து வெட்டுவது வேகமானது: பாதி மாவை 30-க்கு 45 சென்டிமீட்டராகத் தேய்த்தால் 15 சென்டிமீட்டர் சதுரம் ஆறு கிடைக்கும். சதுரத்தின் நான்கு மூலைகளையும் நடுவில் கூட்டி, நான்கு தையல்களையும் கிள்ளினால் கான்சஸ் சதுரப் பன். இதில் ஓரம் மெலிதாக இருக்காது என்பதால் மூலை நுனிகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள்.

---

கோதுமைக்காடு

மூணு பேருக்கும் மிக்க நன்றி. வெட்டிப் பார்த்ததுல ரெண்டும் இருக்கு: பூரணத்தைத் தொடுற மாவும் ஈரம், அடியில வெள்ளை முடிச்சும் இருக்கு. எடை போடுறதும் ஓரத்தை மெலிசா தேய்க்கிறதும்தான் முதல்ல செய்யப் போறேன்.

இன்னும் ரெண்டு கேள்வி. குடும்ப விசேஷத்துக்கு 48 பன் வேணும். முன்கூட்டியே செஞ்சு ஃப்ரீசர்ல வைக்கலாமா, சுடாம வைக்கணுமா சுட்டு வைக்கணுமா? மாட்டுக்கறி சாப்பிடாதவங்களுக்கு என்ன மாத்தலாம்?

---

சால்ட்கிரீக்

சுட்டுத்தான் வைக்கணும். சுடாத பன்னை உறைய வெச்சா ஈஸ்ட் பலம் குறையும், உருகும்போது கோஸ் இன்னொரு முறை தண்ணி விடும், அந்தத் தண்ணியைப் பச்சை மாவு குடிச்சிடும். பழைய சிக்கலே திரும்ப வரும்.

உறைய வைக்கப் போறதை 18 நிமிஷத்துலயே, லேசான பொன்னிறத்துல எடுத்துடுங்க. ஆனா உள்சூடு 90 வந்திருக்கணும். கம்பித் தட்டுல கதகதப்பு போகிற வரைக்கும் ஆற விடுங்க, ரெண்டு மணி நேரத்தைத் தாண்டி வெளியே வைக்காதீங்க, உள்ளே கறி இருக்கு. ஒவ்வொண்ணையும் தனியா ஃபாயில்ல இறுகச் சுத்தி, அதை ஜிப் பையில போட்டு ஃப்ரீசர். மூணு மாசம் வரைக்கும் ருசி நிக்கும். சூடா இருக்கும்போதே சுத்தினா ஃபாயிலுக்குள்ளே பனி கட்டும், உருகும்போது தோல் நமுத்துப் போகும்.

சூடு பண்ண: உருக்க வேண்டாம், ஃபாயிலோட 175 டிகிரி செல்சியஸ் (350 பாரன்ஹீட்) ஓவன்ல 30 முதல் 35 நிமிஷம், கடைசி 5 நிமிஷம் ஃபாயிலைத் திறந்து விடுங்க. பூரணத்தோட நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் வரணும். ராத்திரியே ஃப்ரிட்ஜுக்கு மாத்தி உருகியிருந்தா 15 முதல் 20 நிமிஷம் போதும்.

48-க்குப் பூரணத்தை முந்தின நாளே செஞ்சு ஃப்ரிட்ஜுல வெச்சுடுங்க. கறி 2 கிலோ, கோஸ் 2.4 கிலோ, வெங்காயம் 1 கிலோ. ஒரே வாணலியில கொட்டாதீங்க. குவிஞ்சா வதங்காது, வேகத்தான் செய்யும், தண்ணியும் வத்தாது. நாலு தடவையா பிரிச்சுப் பண்ணுங்க.

---

மாவுத்தூசி

அதோட ஒண்ணு: ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்த பூரணத்தை நேரா மாவுல வைக்காதீங்க. அந்தக் குளிர்ச்சி மாவோட உள்பக்கத்தை உப்ப விடாது, வெளிப்பக்கம் மட்டும் உப்பும். 25 நிமிஷம் முன்னாடி எடுத்து வெளியே வெச்சுட்டுப் பயன்படுத்துங்க.

மாவையும் மொத்தமா 48-க்குப் பிசைய வேண்டாம். வீட்டு ஓவன்ல ஒரு ட்ரேல 12தான் வசதியா நிக்கும். கடைசி ஈடு ஓவனுக்குப் போறதுக்குள்ளே அந்த மாவு புளிச்சுத் தளர்ந்துடும். 12-க்கான மாவை 40 நிமிஷ இடைவெளியில ஒண்ணொண்ணா பிசைஞ்சா, ஒண்ணு ஓவன்ல இருக்கும்போது அடுத்தது உருட்டத் தயாரா இருக்கும். நேரம் இல்லைன்னா கடையில விக்கிற உறைஞ்ச ரொட்டி மாவு பயன்படுத்தலாம். கான்சஸ் வீடுகள்ல இது சகஜம்தான். ஒரு பவுண்டு கட்டிக்கு ஆறு பன் வரும். உருகின பிறகு ஒரு தடவை உருட்டி 15 நிமிஷம் ஓய்வு கொடுத்துத் தேயுங்க, அந்த மாவு ரொம்பச் சுருங்கும்.

---

புல்வெளி68

மாட்டுக்கறிக்குப் பதில் பன்றிக் கொத்துக்கறி நன்றாகப் பொருந்தும், பாதிக்குப் பாதி கலக்கும் வீடுகளும் உண்டு. அதில் கொழுப்பு அதிகம், வடிதட்டில் கூடுதலாகப் பத்து நிமிடம் விடுங்கள். வான்கோழிக் கொத்துக்கறி என்றால் காலிறைச்சி எடுங்கள். மார்பிறைச்சி பன்னுக்குள் மரத்தூளாகிவிடும். வேறு கிடைக்காவிட்டால் வெங்காயம் வதக்கும்போது 40 கிராம் வெண்ணெய் சேருங்கள், மிளகை அரை டீஸ்பூன் கூட்டுங்கள்.

கறியே வேண்டாதவர்களுக்குக் காளான் 700 கிராம். பொடியாக நறுக்கி, எண்ணெய் இல்லாமல் அதன் நீர் முழுக்கச் சுண்டும்வரை வறுத்து, பிறகு வெண்ணெய் சேர்த்துச் சிவக்க விடுங்கள். 300 கிராமுக்குக் கீழே வந்தால்தான் கோஸோடு சேர்க்கலாம். இதில் கறியை விட அதிக நீர் இருக்கிறது, ஆகவே தராசு இங்கே இன்னும் முக்கியம். பூரணம் 12-க்குச் சற்றுக் குறைவாக வரும், 11 பன்னுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். கறி பன்னோடு கலந்துவிடாமல் இருக்க, ஓவனுக்குப் போகும் முன் காளான் பன் மேல் முள்கரண்டியால் ஒரு குத்து அடையாளம் வையுங்கள்.